இன்னும் கொஞ்சம் தள்ளி

என் அக்கா மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம் ஆனது. புருஷனும் அவளுமாகத் தாய்லாந்து போகப் போகிறார்களாம். ஒரு நாள் காலையில் போன் செய்தாள்.

"மாமா, நீங்க தாய்லாந்து போயிருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. அந்த ஆத்துல விளக்கு விடுற திருவிழாவை எந்த ஊர்ல பாத்தா நல்லாருக்கும்?"

என்னிடம் யாரும் இப்படி யோசனை கேட்டதில்லை. நான் பத்தாவது படித்துவிட்டு பஹ்ரைனுக்குப் போய், ஒரு ஏசி கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அன்றைக்குக் கடகடவென்று சொன்னேன். வானத்தில் காகித விளக்கு ஏறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே சியாங் மாய் போக வேண்டும். பழைய கோயில் இடிபாடுகளுக்கு நடுவே குளத்தில் விளக்கு மிதப்பதைப் பார்க்க சுகோதாய். தாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தேங்காய்ச் சிரட்டையில் திரி போட்டு ஒன்றன்பின் ஒன்றாக விடுவார்கள், ஆறு முழுக்க மாலை கட்டிய மாதிரி போகும். நேரம் இல்லாதவர்களுக்கு பாங்காக்கிலேயே பெரிய ஆறு இருக்கிறது. நம்முடைய கார்த்திகை தீபத்தை ஒட்டித்தான் அவர்கள் பௌர்ணமியும் வரும், தேதி பார்த்து டிக்கெட் எடு என்றும் சொன்னேன்.

"எவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்க மாமா! சரி, சியாங் மாய்ல எந்த இடத்துல நின்னு விடணும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

நான் சொன்ன எதுவும் நானாகத் தெரிந்துகொண்டது இல்லை. எல்லாம் அண்ணன் சேர்த்து வைத்தது. அவள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கும் அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, எங்கள் கம்பெனியில் போர்மேன். கும்பகோணத்துப் பக்கம். நல்ல உயரம், ஒல்லி. எங்கே நின்றாலும் கழுத்தை நீட்டித் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, நான் பஹ்ரைனில் குதைபியா பகுதியில் இருந்த கம்பெனி ரூமுக்குப் போய்ச் சேர்ந்த அன்று, காலியாக இருந்த ஒரே கட்டிலில் பெட்டியை வைத்தேன். கட்டில் கதவுக்கு நேர் எதிரில் இருந்தது. அண்ணன் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார், மேலே இருந்த ஏசியைப் பார்த்தார், கையை நீட்டிக் காற்று எங்கே விழுகிறது என்று துழாவிப் பார்த்தார்.

"தம்பி, இங்க படுத்தா காத்து நேரா நெஞ்சுல விழும். ஒரு மாசத்துல சளி கட்டிடும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடணும். புடிங்க அந்தப் பக்கம்."

ஜன்னலோரம் இழுத்தோம். அங்கே வெயில் விழும் என்றார். மறுபடியும் இழுத்தோம். நைட் டியூட்டி முடித்துப் படுத்திருந்த ஒருவர் போர்வைக்குள்ளிருந்து கத்தினார்.

"அண்ணே! கட்டிலைத் தேரு மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கீங்களே, நிலைக்கு எப்பண்ணே வரும்?"

"நீ தூங்குடா. இன்னும் கொஞ்சம் தள்ளினா முடிஞ்சுது."

கடைசியில் உள்சுவர் மூலையில் நிலைக்கு வந்தது. அந்த மூலையில் நான் வருஷக்கணக்கில் படுத்தேன். ஒரு நாள்கூடச் சளி பிடித்ததில்லை.

'இன்னும் கொஞ்சம் தள்ளி' என்பதுதான் அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல். வேலைக்குப் போகும் வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்த இடம் இருக்கும். ஹெல்பராக வந்த பீகார்க்காரன் கையைக் காட்டி, "பாய், யஹான் ஜகா ஹை!" என்று கெஞ்சுவான். அண்ணன் அதே சொல்லை இந்தியில், "தோடா ஆகே, தோடா ஆகே" என்றபடி அடுத்த தெருவுக்கு ஓட்டிப்போய் ஒரு மதில் நிழலில் நிறுத்துவார். அங்கிருந்து அவன் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வருவான். திரும்பி வந்து ஏறும்போது சீட் சூடாக இருக்காது என்பது மட்டும் உண்மை.

டீக்கடையில் இன்னும் மோசம். உட்காருவார், மேலே பார்ப்பார், எழுந்து வேறு மேஜைக்குப் போவார். டீ கிளாஸும் நாங்களும் அவர் பின்னாலேயே போவோம். கடைக்காரர் கோழிக்கோட்டுக்காரர். ஒரு நாள் கல்லாவிலிருந்தே சொன்னார்: "சேட்டா, எல்லா டேபிளும் ஆச்சு. இனி கிச்சன் மட்டும்தான் பாக்கி உண்டு. அவிடெ இருக்கீங்களா?"

அண்ணன் சிரிக்கவில்லை. கிச்சன் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீயை எடுத்தார்.

ஒரு தேசிய தினத்தன்று வாணவேடிக்கை பார்க்க எங்களையெல்லாம் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, அவரும் எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கடலோரத்தில் அருமையான இடம் கிடைத்தது. பாய் விரித்தோம். அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டிடம் பாதி வானத்தை மறைக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம் என்றார். பாயைச் சுருட்டினோம். ட்ராபிக்கில் மாட்டினோம். அவர் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது எல்லாம் முடிந்து, வானத்தில் புகை மட்டும் கலைந்துகொண்டிருந்தது. அண்ணி டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்:

"என்னங்க, புகை இங்கேருந்து ரொம்ப நல்லாத் தெரியுதுங்க."

எல்லாரும் சிரித்துவிட்டோம். அண்ணனும்தான்.

இதைப் படிப்பவர்கள் அவரைக் கோமாளி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு லேபர் கேம்பில் எங்கள் ஆட்கள் ஏசி மாட்டிவிட்டு வந்தார்கள். சுவரில் ஓட்டை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டார்கள். கீழே படுத்தவருக்குக் காற்று முகத்தில் அறைந்தது. அண்ணனுக்கு இது எப்படியோ தெரிந்து, வெள்ளிக்கிழமை லீவில் ஏணியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் இடம் மாற்றி மாட்டிவிட்டு வந்தார். மானேஜர் கூப்பிட்டுத் திட்டினார். "படுக்குற மனுஷனுக்குத்தானே சார் ஏசி? செவுத்துக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அந்தக் கேம்பில் அப்புறம் அவர் போனால் தரையில் உட்கார விட மாட்டார்கள்.

அவருடைய சுபாவமே அப்படி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ரூமில் சமைக்கத் தெரியாத என்னைப் போன்றவர்களை அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவார். அண்ணன் என்னை வாசலில் இறக்கிவிட்டு, வேனை வேறு இடத்தில் நிறுத்தப் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "அண்ணன் நிழல் தேடி சவூதிக்கே போயிட்டாரு போல" என்றேன்.

அண்ணி சிரித்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவரு முன்ன இப்படியெல்லாம் இல்ல தம்பி. எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. நடக்கக்கூட ஆரம்பிக்கல. அவரு லீவுல வந்திருந்த சமயம். காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்னு அவரு சொன்னாரு. நல்ல மழை. நான்தான், எதுக்கு அவ்ளோ தூரம், கிட்டத்துல கடைத்தெருவுல ஒருத்தர் பாக்குறாரே, அங்கயே காட்டிடலாம்னேன். ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. விடிஞ்சதும் கும்பகோணம் கொண்டுபோனோம். லேட்டா வந்துட்டீங்கன்னுட்டாங்க."

தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னைய வரைக்கும் அவரு என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல தம்பி. நீதானே கிட்டத்துல போவோம்னேன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டு அழுது தீத்திருப்பேன். கேக்கவே மாட்டேங்குறாரு. எதுக்கெடுத்தாலும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம்னு மட்டும் சொல்லுவாரு. நானும் சரின்னு பின்னாலயே போயிடுவேன்."

கதவு திறந்தது. அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து, "பள்ளிவாசலுக்குப் பின்னால ஒரு வேப்பமரம் இருக்கு தம்பி. என்னா நெழல்!" என்றார்.

அவர்கள் தெருமுனையில் ஒரு தாய்லாந்துக்காரம்மா மளிகைக் கடை வைத்திருந்தார். அண்ணி அங்கே தேங்காய்ப்பாலும் கீரையும் வாங்குவார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், மீதி கை. இருந்தாலும் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தம்மாதான் கிராதோங் என்ற மிதக்கும் விளக்கைப் பற்றி அண்ணிக்குச் சொன்னது. வாழை மரத் துண்டில் இலையும் பூவும் வைத்து, மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் ஏற்றித் தண்ணீரில் விடுவார்களாம். நம் நகத்திலும் முடியிலும் கொஞ்சம் கிள்ளி அதில் வைத்துத் தண்ணீர்த் தாயிடம் மன்னிப்புக் கேட்டால், மனசில் இருக்கும் பாரத்தை அவள் கொண்டுபோய்விடுவாளாம்.

"அவங்க ஊர்லயும் தண்ணிக்குப் பேரு கங்கைதானாம் தம்பி" என்று அண்ணி என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார்.

நான் ஒரு தரம் அந்தக் கடைக்கு அண்ணியோடு போயிருந்தபோது அந்தம்மா இரண்டு கையையும் விரித்து, "மேடம், எனி வாட்டர் ஓகே! ரிவர் ஓகே, சீ ஓகே, பக்கெட் ஓகே!" என்றார். அவரே வருஷா வருஷம் இங்கே கடற்கரையில் விடுகிறாராம். நீயும் என்னோடு வா என்று அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணிக்கு உடனே போக வேண்டும் என்று முகத்தில் தெரிந்தது.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

"இந்தக் கடல் ஆகாது. காலையில விட்டதைச் சாயங்காலம் கரையில கொண்டாந்து போட்டுடும். விடறதுன்னா அதுக்குன்னு ஒரு இடம் இருக்கும். அங்க போய் விடுவோம்."

அன்றிலிருந்து அவர் இடம் தேட ஆரம்பித்தார். எங்கள் கம்பெனி விற்ற ஏசிகள் பாதிக்கு மேல் தாய்லாந்தில் செய்தவை. அங்கிருந்து வரும் இன்ஜினியர்கள் கம்ப்ரெசரைப் பற்றிப் பேசினால் இவர் விளக்கைப் பற்றிக் கேட்பார். ஆபீசில் இருந்த பிலிப்பினோ பெண்ணைக் கெஞ்சி இன்டர்நெட்டில் பார்க்கச் சொல்வார். டிக்கெட் கடைக்காரரையும் விடவில்லை. சாப்பிடும்போது அண்ணியிடமும் என்னிடமும் ஒப்பிப்பார்.

"பாங்காக் ஆத்துல பெரிய பெரிய படகு ஓடும், அலை ஜாஸ்தி. தாக்ல எல்லாம் வரிசையாப் போகுது, நம்மளுது தனியாத் தெரியாது. சுகோதாய்ல குளம். குளத்துல விட்டா அது எங்க போகும்? அங்கேயேதானே சுத்திக்கிட்டுக் கெடக்கும்? ஆத்துல விடணும். சியாங் மாய்தான் சரி."

"சரிங்க" என்பார் அண்ணி.

போர்மேன்களைத் தாய்லாந்து பேக்டரிக்கு ஒரு வாரம் ட்ரெயினிங் அனுப்பும் வழக்கம் எங்கள் கம்பெனியில் இருந்தது. மே மாதம் அவர் முறை வந்தது. வேண்டாம், நவம்பரில் போகிறேன் என்று வேறொருவரை அனுப்பிவிட்டார். நவம்பரில் போனபோது அண்ணிக்குத் தன் செலவில் டிக்கெட் எடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸ் நம்பர்களைக் கற்றுக்கொள்ள ஸ்டோர்காரன் ஒருவன் வேண்டும் என்று சொல்லி என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் விமானத்தில் ஊருக்கும் பஹ்ரைனுக்கும் தவிர வேறெங்கும் போனது அந்த ஒரு முறைதான்.

ட்ரெயினிங் முடிந்து, கம்பெனி கொடுத்த இரண்டு நாள் லீவில் ரயிலேறி சியாங் மாய் போய்ச் சேர்ந்தோம். ஊரெல்லாம் வாழையிலை வாசனை. மதியம் நாங்கள் தங்கியிருந்த சந்தில், பெண்கள் நடைபாதையில் உட்கார்ந்து கிராதோங் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அண்ணி விற்பதை வாங்கவில்லை. அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். வாழைத் துண்டைச் சுற்றி, வெற்றிலை மடிக்கிற மாதிரி இலையை மடித்து மடித்து, தாமரை இதழ் போல அடுக்கினார். அவர்கள் குண்டூசி குத்தினார்கள். அண்ணி ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துக் குத்தினார். ஒரு பெண் அதை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி எல்லாருக்கும் காட்டியது. அண்ணி வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் பிங் ஆற்றுக்குப் போனோம். பாலத்தடியில் ஜனம் நெருக்கியடித்தது. மேலே ஒவ்வொன்றாகக் காகித விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணி கரையில் குனிந்தார்.

"இங்க வேணாம்" என்றார் அண்ணன். "படகு வருது பாரு. அலை அடிச்சா கவுந்துடும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம்."

தள்ளிப் போனோம். ஒரு கோயில் படித்துறை. அங்கே பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வருகிற கிராதோங்குகளைப் பிடித்து அதிலிருந்த காசை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நம்மளுதையும் பிரிச்சிடுவாங்க. வேணாம்." பாலம் ஏறி அக்கரைக்குப் போனோம். அங்கே கோரை அடர்ந்து கிடந்தது. "மாட்டிக்கிட்டு நின்னுடும்." ஷேர் ஆட்டோ மாதிரி அங்கே ஓடும் சிவப்பு வண்டி ஒன்றைப் பிடித்து மேற்கொண்டு போனோம். அங்கே தண்ணீர் வேகம். அவர் சொன்ன எந்தக் காரணத்தையும் தப்பென்று சொல்ல முடியாது. அண்ணி ஒவ்வொரு இடத்திலும் கிராதோங்கைக் கையில் ஏந்தியபடி, சரிங்க, சரிங்க என்று நடந்தார். வழியில் அவர் செருப்பு வார் அறுந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். பூ வாடிவிட்டது.

சுற்றிச் சுற்றி நாங்கள் தங்கியிருந்த சந்துக்கே வந்து சேர்ந்தோம். சந்து முனையில் ஒரு வாய்க்கால். அதன்மேல் நாலு பேர் சேர்ந்து நிற்க முடியாத சின்னப் பாலம். அண்ணி அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் தம்பியோட இங்கயே இருக்கேன்."

"எங்கயும் போயிடாத. இதோ வந்துடறேன்" என்று அண்ணன் வேகமாகப் போனார்.

ரொம்ப நேரம் ஆயிற்று. வானத்தில் ஏறிய விளக்குகள் சிறுத்துச் சிறுத்து நட்சத்திரத்தோடு கலந்தன. அந்தச் சந்துக்காரர்கள் வீட்டு உடுப்போடு வந்து, தங்கள் கிராதோங்கை அந்த வாய்க்காலிலேயே விட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். வாய்க்காலில் சோப்புத் தண்ணீர் கலந்து வந்தது. பாலத்தோரம் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து லைட்டரை நீட்டினார்.

அண்ணி என்னைப் பார்த்தார்.

"தம்பி, என்னால முடியல. இந்தத் தண்ணியும் அந்த ஆத்துக்குத்தானே போவும்?"

"போவும் அண்ணி" என்றேன்.

மணிபர்ஸைத் திறந்து, மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். குழந்தைக்குப் போடும் கறுப்பு மணி வளையல் ஒன்று. என் இரண்டு விரலில் அடங்கும் அளவுதான் இருக்கும். அதைப் பூவுக்கு நடுவில் வைத்து, நகத்தையும் முடியையும் கிள்ளி வைத்து, மெழுகுவர்த்தியை ஏற்றினார். படியில்லாத இடத்தில் மண்டியிட்டுக் குனிந்து தண்ணீரில் விட்டார். வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. அது மெதுவாக நகர்ந்து பாலத்துக்கு அடியில் போய் அந்தப் பக்கம் வந்தது.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பசிக்குது தம்பி" என்றார். பொரித்த பழம் வாங்கிக் காகிதத்தில் வைத்து இரண்டு பேரும் தின்றோம். அண்ணியின் முகம் அலம்பி விட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் அண்ணன் ஓடி வந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"கெடைச்சுடுச்சு! வாங்க, வாங்க. இதைவிட நல்ல இடம் கெடையாது!"

ஓர் இடத்தை இதுதான் நல்ல இடம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கச் சொன்னார்.

"நாலஞ்சு படி இருக்கு. மேல ஒரு பெரிய மரம் கவுந்தாப்ல நிக்குது. கூட்டமே இல்ல. எறங்கிப் பாத்துட்டேன். தண்ணி முழங்காலுக்குத்தான். மெதுவா இழுக்குது. நடு ஆத்துக்குக் கொண்டுபோய் விட்டுடும், ஒண்ணும் மறிக்காது."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். அதற்குள் இன்னொரு கறுப்பு மணி வளையல்.

"உன்கிட்ட ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். அதையும் எடு. ரெண்டையும் ஒண்ணா வச்சு விட்டுடுவோம்."

அப்போதுதான் அண்ணியின் கைகளைப் பார்த்தார். எண்ணெய்க் காகிதம்தான் இருந்தது.

"இங்கயேவா?" என்றார்.

"கிட்டத்துல..." என்று ஆரம்பித்த அண்ணி, அந்தச் சொல் வாய்க்கு வந்ததுமே நிறுத்திக்கொண்டார். காகிதம் கையிலேயே கசங்கியது.

அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். அண்ணியின் கிராதோங் கொஞ்ச தூரம் போய், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயில் முட்டி நின்றிருந்தது. திரி எரிந்துகொண்டிருந்தது. நான் அண்ணனைப் பார்க்கப் பயந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் எரியுது" என்றார்.

அவர் அப்போதும் அண்ணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தேவலை என்று எனக்கே இருந்தது.

"அண்ணே, உங்களுதையும் இதுலயே..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும் தம்பி. அடுத்த வருஷம் வருவோம். அந்த எடத்துக்கே வருவோம்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தன் செருப்பைக் கழற்றி அண்ணியின் காலருகில் வைத்தார். "போட்டுக்க. கல்லு குத்தும்."

அவருடைய செருப்பு அண்ணிக்குப் பெரிது. இழுத்து இழுத்து நடந்தார். அண்ணன் வெறுங்காலோடு முன்னால் போனார்.

பஹ்ரைனுக்குத் திரும்பிய பிறகு அண்ணன் மாறிப்போனார். வேனை இடம் கிடைத்த இடத்தில் நிறுத்தினார். பீகார்க்காரன் சந்தோஷப்பட்டான். டீக்கடையில் முதல் மேஜையிலேயே உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். கோழிக்கோட்டுக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து, "என்ன சேட்டா, சுகமில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அவர் ஒரு தரமாவது 'இன்னும் கொஞ்சம் தள்ளி' என்று சொல்ல மாட்டாரா என்றிருக்கும். அந்தச் சொல்லைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வருஷம் யாரையும் ட்ரெயினிங் அனுப்பவில்லை. அதற்கு அப்புறம் கட்டிட வேலைகள் நின்று கம்பெனி சுருங்கியது. அண்ணனும் அண்ணியும் ஊருக்குப் போய்விட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு தரம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவோம். விளக்கைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அண்ணன் இறந்த செய்தியை அண்ணிதான் சொன்னார். "நெஞ்சு வலி. நல்ல இடத்துலதான் தம்பி சேத்தோம். தூரம்தான். இருந்தாலும் அங்கதான் கொண்டுபோனோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா மகள் கேட்ட அன்று மதியம் அண்ணிக்கு போன் செய்தேன். அவள் சியாங் மாய் போகிறாள் என்று சொன்னேன்.

"அவரு வளையல் இங்கதான் தம்பி இருக்கு. மூக்குக் கண்ணாடி டப்பாவுல வச்சிருந்தாரு. அந்தப் பொண்ணுகிட்ட குடுத்து விட்டா விட்டுடுமா?"

"விட்டுடும் அண்ணி."

"அந்த எடம் எதுன்னு உங்ககிட்ட சொன்னாரா? ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"சொல்லல அண்ணி."

"நானும் கேக்கல. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை இதுதான் எடம்னு சொன்ன மனுஷனை, எதுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல நான்." பிறகு, "எந்தப் பக்கத்துலேருந்து ஓடியாந்தாரு? அதாச்சும் ஞாபகம் இருக்கா தம்பி?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நனைந்த பேன்ட் ஞாபகம் இருந்தது. படி, மரம், முழங்கால் தண்ணீர் எல்லாம் ஞாபகம் இருந்தது. அவர் வந்த திசை மட்டும் இல்லை. நான் அப்போது பழம் தின்றுகொண்டு, வாய்க்காலில் போன விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல அண்ணி. நீங்க விட்ட அந்த வாய்க்கால் எனக்கு நல்லாத் தெரியும். அங்கயே விடச் சொல்லவா? ஜோடியாப் போயிடும்."

"வேணாம் தம்பி" என்றார் அண்ணி. "இன்னும் கொஞ்ச நாள் எங்கிட்டயே இருக்கட்டும். அவரு கண்டுபிடிச்ச எடம்னு ஒண்ணு இருக்குல்ல."